இளங்கதிரின் எட்டாம் நம்பர்

கொண்டப்பநாயக்கன்பட்டி
11.3.2025, செவ்வாய்

என் தோமிக்கு,

அக்சிலியா எழுதுவது. இங்கு நான் நலம், அங்கு நீங்கள் நலமா என்று ஆரம்பிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை, அதனால் வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியவில்லை.

ஆட்கள் முன்னால் உங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏங்க", "இந்தாங்க", அவ்வளவுதான். தோமி என்று கூப்பிட்டதெல்லாம் கதவைச் சாத்தின பிறகு. இது ஒட்டின கவரில் போகிற கடிதம் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

போன வாரம் உங்கள் செல்லுக்குப் போன் போட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்துவிட்டார்கள். எனக்கு மூச்சே நின்றுபோனது. "சொல்லும்மா, சாப்டியா?" என்கிறாள் நம் ஷைனி. உங்கள் போனை அவள் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனதை மறந்துவிட்டேன். என்னத்தைச் சொல்வது? நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் கடிதம் என்று முடிவு செய்தேன்.

எழுதி எங்கே போடுவது? போஸ்ட் ஆபீசில் விலாசம் கேட்பார்கள். நம் கோயிலில் அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே மன்றாட்டுப் பெட்டி இருக்கிறதே, அதில் போடுகிறேன். அவர் உங்களிடம் சேர்த்துவிடுவார். பெட்டிக்குப் பக்கத்தில் அச்சடித்த சீட்டு வைத்திருக்கிறார்கள். திருமணம், வேலை, தேர்வு, நோய், வழக்கு, காணாமல் போன பொருள் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருக்கிறது. நமக்கு வேண்டியதில் டிக் அடிக்க வேண்டும். வீட்டுக்காரருக்குக் கடிதம் என்று கட்டம் இல்லை. காணாமல் போன பொருளில் டிக் அடித்து வைத்திருக்கிறேன், கவரோடு சேர்த்துப் பின் குத்திவிடுகிறேன்.

இப்போது புகாருக்கு வருகிறேன்.

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் உங்கள் டீம் பச்சமுத்து வந்தார், பஞ்சர் கடைக் கையைக்கூடக் கழுவாமல். மே மாதம் உங்கள் பேரில் கபடிப் போட்டி நடத்துகிறார்களாம். தோமினிக் நினைவுக் கோப்பை. சந்தோஷம். பேனரில் போடுகிற வாசகத்தைப் போனில் காட்டினார். "ஆடுகளத்திலேயே உயிர் நீத்த கபடிச் சிங்கம்."

நீங்கள் உயிர் விட்டது ஆடுகளத்தில் இல்லை. லிப்ட் ஓடாத ஒரு அடுக்குமாடியில், மூன்றாவது மாடிப் படிக்கட்டில், தோளில் தண்ணீர் கேனோடு. அதைச் சொன்னேன். "அதை எப்படிங்க பேனர்ல போடறது?" என்றார். சிங்கமும் வேண்டாம் என்றேன். சிங்கம் என்றால் எதையாவது பிடிக்க வேண்டாமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆட்டத்தை இருபத்தொரு வருஷம் பார்த்தவள் நான். எதிர்ப்பக்கம் பாடிப் போனால் யாரையாவது தொட்டுவிட்டு வர வேண்டும், இல்லை பிடிபட வேண்டும். நீங்கள் தொடவும் மாட்டீர்கள், பிடிபடவும் மாட்டீர்கள். ரேஷன் கடைக்குப் போய் சர்க்கரை வரவில்லை என்று திரும்புகிற மாதிரி போனபடியே வருவீர்கள். வெறுங்கையோடு திரும்புவதில் சேலம் ஜில்லாவில் உங்களை அடிக்க ஆளில்லை. திரும்பி வருகிறபோது வலது கையை உயரத் தூக்கி, போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டேன், ஒரு பாயிண்ட் கொடு என்று கேட்பீர்கள். கால் கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றிருக்கும். அம்பயர் மாதையன் சார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மைக்கில் பேசுகிறவர் உங்களைப் பழம்பெரும் வீரர் என்பார். முதல்முறை அப்படிச் சொன்னபோது உங்களுக்கு முப்பத்தொன்று.

டீம் பேர் இளங்கதிர். ஏழு பேரில் நாலு பேர் வீட்டில் மூட்டுவலித் தைலம். ஜெயித்துக் கொண்டுவந்ததெல்லாம் மூன்றாம் பரிசு, பதினொரு கோப்பை. ஒன்றில் துணி கிளிப் போட்டிருக்கிறேன், ஒன்றில் குக்கர் வெயிட், ஒன்றில் ஓமவல்லி வைத்தேன், நன்றாகத் தழைத்திருக்கிறது.

இதெல்லாம் பரவாயில்லை. சங்ககிரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து, "சங்ககிரி லாரிக்கார டீம்ல கூப்பிட்டாங்க. டிரைவர் வேலையும் தர்றாங்களாம். வரலைன்னுட்டேன். நான் போயிட்டா இளங்கதிர் என்னாகும்?" என்றீர்கள். "ஒண்ணும் ஆகாதுங்க, மூணாம் பரிசு நாலாம் பரிசு ஆகும்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. கம்பெனி லாரி ஓட்டியிருந்தால் மாடி மாடியாகக் கேன் தூக்கியிருக்க வேண்டாம். இதை அன்றிலிருந்து உங்களுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். உங்களைக் கெடுத்ததே அந்தப் பச்சமுத்துதான். இளங்கதிர் இளங்கதிர் என்று உங்களைக் கட்டிப்போட்டது அவர்தான். அவர் என் வாசலில் வந்து கண்ணைத் துடைத்தால் எனக்கு எரிகிறது.

கடைசி நாள் காலையில் நான் உங்களிடம் ஒன்று சொன்னேன். அதை இதில் எழுதவில்லை.

அரிசி ஊறிவிட்டது. மாவு ஆட்டப் போகிறேன்.

உங்கள் அக்சி


18.3.2025, செவ்வாய்

என் தோமிக்கு,

மானம் போய்விட்டது.

போன செவ்வாய் சாயங்காலம் நவநாளுக்கு முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். உபதேசியார் ஆண்ட்ரூஸ் மன்றாட்டுகளை எடுத்து மைக்கில் வாசித்தார். சீட்டை மட்டும்தான் வாசிப்பார், கவரைத் தொட மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். கவரில் வருவதெல்லாம் அந்தோனியார் செய்த புதுமைக்கு நன்றிக் கடிதமாம், அதைத்தான் முதலில் பிரிப்பாராம். எனக்கு எப்படித் தெரியும்?

அவர் முப்பது வருஷமாக வாசிக்கிறவர். வாய் வாசிக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். "காணாமல் போன பொருளுக்காக அக்சிலியா" என்று சொல்லிவிட்டு, "என் தோமிக்கு" என்று ஆரம்பித்தார். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. கதவைச் சாத்தின விஷயத்தையும் வாசித்தார். இரண்டு மூன்று வரிக்கு ஒருமுறை பழக்கத்தில் நிறுத்துகிறார். நிறுத்தினதும் ஜனங்களும் பழக்கத்தில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்கிறார்கள்.

சிங்கம் என்றால் எதையாவது பிடிக்க வேண்டாமா? ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

மாதையன் சார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

மூட்டுவலித் தைலம் வந்தபோது இரண்டு மூன்று பேர் நிஜமாகவே உருக்கமாகச் சொன்னார்கள். அதற்குள் பின்னால் ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பிவிட்டது. உங்கள் அக்சி என்று முடித்துவிட்டுத்தான் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கவரைத் திருப்பிப் பார்த்தார்.

சிரித்தவர்களைப் பற்றிக் கவலை இல்லை. மூன்றாவது பெஞ்சில் ராஜம்மாள் இருந்தார். பச்சமுத்து சம்சாரம். நம்மவர்கள் இல்லை என்றாலும் அந்தோனியாருக்குச் செவ்வாய் தவறாமல் வருகிறவர் என்பது உங்களுக்கே தெரியும். உங்களைக் கெடுத்ததே அந்தப் பச்சமுத்துதான் என்று மைக்கில் வந்தது. கோயில் முழுக்க, கேட்டருளும் என்றார்கள். ராஜம்மாள் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் எழுதினது உண்மை. ஆனால் அது உங்களுக்கு எழுதினது, ஊருக்கு எழுதினது இல்லை.

இந்த ஒரு வாரமாக மாவு வாங்க வருகிறவர்கள் ஒருமாதிரி வருகிறார்கள். "மூணாம் பரிசு மாவு ரெண்டு பாக்கெட் குடுங்க" என்று ஒருத்தி. வியாபாரம் என்னவோ கூடியிருக்கிறது.

ஒரே ஆறுதல், கடைசி நாள் காலையில் நான் சொன்னதை எழுதாமல் விட்டது. அந்தோனியாரே தடுத்தார் போல.

இந்தக் கவரில் டிக் எதுவும் அடிக்கவில்லை.

வெட்கத்தோடு,
அக்சி


19.3.2025

அன்புச் சகோதரி அக்சிலியாவுக்கு, உபதேசியார் ஆண்ட்ரூஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நடந்தது என் தவறு. பங்குச் சாமியாரும் அப்படித்தான் சொன்னார், கொஞ்சம் நேரம் எடுத்துச் சொன்னார். உங்கள் இரண்டாவது கவரை நான் பிரிக்கவில்லை. இனிமேல் மேலே "வாசிக்க வேண்டாம்" என்று எழுதிப் போடுங்கள். மடிப்பு கலையாமல் சுரூபத்தின் பாதத்தில் வைக்கிறேன். எனக்கு அதற்கு மேல் அனுப்பும் வழி தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று நவநாளுக்கு வழக்கத்தைவிட நாற்பது பேர் அதிகம். காணிக்கை எடுக்கும்போது மூன்று பேர் என்னிடம், அக்சிலியா கடிதம் இந்த வாரம் இல்லையா என்று கேட்டார்கள். பரீட்சைக்காக மன்றாடும் பிள்ளைகளை யாரும் கவனிக்கவில்லை. இது சரியில்லை என்று கண்டித்தேன்.

உங்கள் கணவர் எங்கள் வீட்டுக்குப் பதினோரு வருடம் தண்ணீர் கேன் போட்டவர். ஒருநாள்கூடப் படியில் சிந்தியதில்லை. அதை எழுதத் தோன்றியது.

பின்குறிப்பு: போனஸ் என்பது என்ன என்று யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள். நான்தான் வாசித்தேன், எனக்கே விளங்கவில்லை.

ஆண்ட்ரூஸ்


வாசிக்க வேண்டாம்

8.4.2025, செவ்வாய்

என் தோமிக்கு,

ராஜம்மாள் வந்தார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"உங்க ஊட்டுக்காரரை எங்க ஊட்டுக்காரரு கெடுத்தாருங்களா? கோயில்ல வச்சு, மைக்குல?"

"மைக்குல நான் சொல்லலைங்க. சாமிகிட்டத்தான் சொன்னேன்."

"சாமிகிட்டச் சொன்னா அதுக்கு மேல என்னங்க இருக்குது? யாரு யாரைக் கெடுத்தாங்கன்னு சங்ககிரி வீரபாகு அண்ணனுக்குத் தெரியும். கோப்பைக்கு வாராரு. அவரையே கேட்டுக்குங்க. சொல்லக்கூடாதுன்னு இந்த மனுசன் எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கறாரு. இல்லாட்டி இப்பவே சொல்லிப்போடுவேன்."

வீரபாகு லாரிக்கார டீமுக்கு மேனேஜர், உங்களைக் கூப்பிட்டதாகச் சொன்னீர்களே, அதே ஆள். ராஜம்மாள் போகும்போது ஒரு பாக்கெட் மாவு எடுத்துக்கொண்டார். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் காலையில் இட்லி ஊற்றணுமே.

அன்றிலிருந்து எனக்குத் தலையில் இதுதான் ஓடுகிறது. சங்ககிரியில் உங்களைக் கூப்பிட்டார்களா, கூப்பிடவே இல்லையா? கூப்பிட்டு நீங்கள் போகாமல் இருந்தால் என் கோபம் நியாயம். பதினாலு வருஷம் திட்டினதும் நியாயம். கூப்பிடவே இல்லை என்றால்? யாரும் தராத ஒரு வேலைக்காக உங்களைத் தினமும் வைதிருக்கிறேன். நீங்களும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டீர்கள். கூப்பிடாத ஆள் என்று நான் நினைப்பதைவிட, கூப்பிட்டும் போகாத மடையன் என்று நினைக்கட்டும் என்று விட்டீர்களா? இதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இனி இருக்க முடியாது. நேற்று மாவு புளித்துப் பொங்கி வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

பச்சமுத்து நேற்று வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை. மைக்கில் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் இடத்தில் பாடிப் போக ஆள் வேண்டுமாம். வெளியூரிலிருந்து பெரிய ஆட்டக்காரர் ஒருவரைக் கூட்டி வரலாமா, எட்டாம் நம்பர் பனியனை அவருக்குக் கொடுக்கலாமா என்று என் சம்மதம் கேட்க வந்தார்.

"ஒரே ஒரு தடவை மொதப் பரிசு எடுத்து அவன் போட்டோ முன்னால வச்சுரணுங்க" என்றார்.

"மொதப் பரிசைப் பார்த்தா அவரு இது நம்ம டீம்தானான்னு சந்தேகப்படுவாருங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நான் சம்மதிக்கவில்லை. எத்தனை போட்டியில் எல்லா டீமும் வெளியாள் இறக்கினபோது, நம்ம ஊர் ஏழு பேர் போதும் என்று நீங்கள் நின்றீர்கள். நான் அதற்கும் உங்களைத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் நீங்கள் செய்யாததை உங்கள் பேரில் செய்வது சரியில்லை. "அப்பத் தோத்துருவோங்க" என்றார். "புதுசுங்களா?" என்றேன்.

பேனர் வாசகமும் மாற்றச் சொல்லிவிட்டேன். பிளக்ஸ் கடை நவீன்குமார் போன் போட்டு, "இருபத்தொரு வருஷம் ஒரே டீமில் ஆடியவர், இவ்ளோதானுங்களா அக்கா? புலி, புயல் எதாச்சும் சேத்துக்கலாமே, காசு ஒண்ணுதான்" என்றான். வேண்டாம் என்றேன்.

பனியன் என்னிடமே இருக்கிறது. துவைக்கவில்லை.

அக்சி


வாசிக்க வேண்டாம்

22.4.2025

தோமி,

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். கோழி எடுக்கப் போனேன். ஒன்றரைக் கிலோ என்று வாய் சொல்லிவிட்டது. கடைக்காரர் வெட்டிவிட்டார். ஷைனி வந்திருந்தாள், இரண்டு பேரும் மூன்று நாளாக அதையே தின்கிறோம்.

அவள் உங்கள் ஆட்டத்தையெல்லாம் உங்கள் போனில் வைத்திருக்கிறாள். உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றிலும் நீங்கள் ஒருவரையும் தொடவில்லை. "அப்பா யாருக்குமே தொந்தரவு குடுத்ததில்லைம்மா" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் போய்ப் பாத்திரம் கழுவினாள். தானாகப் பாத்திரம் கழுவுகிற பெண்ணா அவள்?

அக்சி


உபதேசியார் அவர்களுக்கு: இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து மைக்கில் வாசிக்கவும், நிறுத்தி நிதானமாக. உள்ளே ஒரு தாளைத் தனியாக மடித்திருக்கிறேன். அதை மட்டும் வாசிக்க வேண்டாம்.

13.5.2025, செவ்வாய்

என் தோமிக்கு,

இந்தப் பேரை ஏற்கனவே எல்லாரும் கேட்டாயிற்று, இனி மறைக்க ஒன்றுமில்லை.

உங்கள் கோப்பை சனி, ஞாயிறு இரண்டு நாளும் நல்லபடியாக நடந்தது. பன்னிரண்டு டீம். ஏற்காடு மலையடிவாரத்தில் அந்தக் காலி மைதானத்தில் பந்தல் போட்டு, உங்கள் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். போட்டோவில் நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். வேறு போட்டோவே கிடைக்கவில்லையாம். பார்த்தவர்களெல்லாம், என்ன ஒரு வெற்றிக் களிப்பு என்றார்கள். அவர் போனஸ் கேட்கிறார் என்று நான் திருத்தவில்லை. உபதேசியாருக்கும் அங்கேதான் போனஸ் என்றால் என்ன என்று கோட்டைக் காட்டிச் சொன்னேன்.

இளங்கதிர் வெளியாள் இல்லாமலே இறங்கியது. முதல் இரண்டு ஆட்டத்தில் எதிர் டீம்கள் நம்மைவிட வயசானவர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். எதிரில் சங்ககிரி.

மதியம் சாப்பாட்டுப் பந்தியில் வீரபாகு அண்ணனுக்கு நான்தான் சாம்பார் ஊற்றினேன். வெள்ளை வேட்டி, பெரிய மீசை, மெதுவான பேச்சு. ஊற்றிக்கொண்டே கேட்டுவிட்டேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரரை நீங்கள் கூப்பிட்டீர்களா, இல்லையா?

அவர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அவரையுங்களா? இல்லீங்க அம்மிணி. நாங்க கூப்பிட்டது பச்சமுத்துவை. பாடி வாரவன் காலை அந்த மாதிரி பிடிச்சுப் போடற ஆள் அன்னைக்கு இந்தப் பக்கமே கெடையாது. லாரி வேலை போட்டுக் குடுக்கறோம், வாப்பான்னோம். தோமினிக்கையும் எடுத்துக்கிட்டா வாரேன்னாரு."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"சரி, வரட்டும். ஆட்டத்துல எறக்க மாட்டோம், வெளிய உக்காந்து தண்ணி பாட்டில் குடுக்கட்டும், வேலை வேணும்னா கிளீனராப் போட்டுக்கலாம்னு சொன்னோம். தோமினிக்கும் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாரு. கேட்டுட்டு, நான் இளங்கதிரை உட்டு வரலீங்க, இவன் வருவான், கூட்டிட்டுப் போங்கன்னு பச்சமுத்து முதுகுல ஒரு தட்டுத் தட்டுனாரு. ஆனாப் பச்சமுத்து போகலை. ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்தாங்க, ஒரே வண்டியில திரும்பிப் போயிட்டாங்க."

சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆக, உங்களைக் கூப்பிட்டது உண்மை. காய் வாங்கினால் கூடவே கொசுறாகக் கொத்தமல்லி போடுவார்களே, அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் கொசுறாகப் போகவில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் யாருக்கும் கொசுறு இல்லை.

ஆனால் வேலையை விட்டது நீங்கள் இல்லை. பச்சமுத்து அண்ணன். டிரைவராகப் போயிருக்க வேண்டியவர், உங்களோடு நின்று பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவரைத்தான் நான் இந்தக் கோயிலில், இந்த மைக்கில், என் வீட்டுக்காரரைக் கெடுத்தவர் என்று சொல்லியிருக்கிறேன். அவர் சம்சாரம் அதைக் காதால் கேட்டிருக்கிறார். இவ்வளவுக்கும் அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்களைக் கொசுறு என்று என்னிடம் சொல்ல வேண்டி வருமே, அதற்காகச் சத்தியம் வாங்கி மூடி வைத்திருக்கிறார்.

இதை எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று சொன்னது தப்பு. பச்சமுத்து அண்ணன் யாரையும் கெடுக்கவில்லை. ராஜம்மாள் அக்கா மூன்றாவது பெஞ்சில் இருப்பார், இன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு கேட்டருளும் சொல்லுங்கள்.

அரையிறுதிக்கு முன்னால் எட்டாம் நம்பர் பனியனை எடுத்துக்கொண்டு போனேன். மாவு பாக்கெட் போடுகிற பையில் வைத்திருந்தேன். அண்ணன் மரத்தடியில் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "நீங்களே போட்டுட்டுப் பாடிப் போங்கண்ணா. வெறுங்கையோட வந்தாலும் பரவால்லைங்க" என்றேன். அவர் அதை வாங்கி மோந்து பார்த்தார். "தொவைக்கலைங்களா?" என்றார். இல்லை என்றேன். "அவன்தான்" என்று சொல்லிப் போட்டுக்கொண்டார். தொப்பை அடங்கவில்லை.

கால் பிடிக்கிறவருக்குப் பாடிப் போகத் தெரியுமா? போனார், வந்தார். போனார், வந்தார். ஒருவரையும் தொடவில்லை. உங்களைப் பார்க்கிற மாதிரியே இருந்தது, இன்னும் கொஞ்சம் குண்டாக. கடைசியாக ஒருமுறை போய்க் காலை நீட்டிவிட்டு, வலது கையைத் தூக்கிக்கொண்டே திரும்பினார். கால் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்தான் இருந்தது. எனக்கே தெரிந்தது. மைதானம் மொத்தமும் மாதையன் சாரைப் பார்த்தது. அவர் விசில் ஊதினார்.

"எட்டாம் நம்பர், போனஸ், ஒரு பாயிண்ட்" என்றார்.

சங்ககிரிப் பையன்கள் சண்டைக்குப் போனார்கள். வீரபாகு அண்ணன் எழுந்து கையமர்த்தி, "உடுங்கடா, தெரியாமயா குடுக்கறாரு" என்றார். இருபத்தொரு வருஷத்தில் உங்கள் பனியனுக்கு வந்த முதல் போனஸ். எழுந்து நின்று கைதட்டினேன். நான் கைதட்டி நீங்கள் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு பதினாலு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றோம். மூன்றாம் பரிசு. அதை அண்ணனே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டு ஆயிற்று. இதில் எதுவும் போட்டு வைக்கவில்லை.

முதல் கோப்பை சங்ககிரிக்குப் போனது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இடுப்பு உயரம் இருக்கும், நடுவில் உங்கள் போட்டோ ஒட்டியிருக்கிறது. லாரியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். வண்டி கிளம்பி மெயின் ரோட்டில் திரும்பினபோதுதான் எனக்கு உறைத்தது. பதினாலு வருஷம் கழித்து நீங்கள் சங்ககிரி டீமுக்குப் போய்விட்டீர்கள். அதுவும் முன் சீட்டில். ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் நடுவில் வைப்பதாக வீரபாகு அண்ணன் சொல்லியிருக்கிறார். வெளியில் உட்கார வைக்க மாட்டார்களாம். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இருபத்தொரு வருஷம் ஒரே டீமில் ஆடியவரின் மனைவி,
அக்சிலியா


வாசிக்க வேண்டாம்

தோமி,

இது நமக்குள்.

ஜனவரி இருபது, திங்கட்கிழமை. முந்தின நாள்தான் பொங்கல் போட்டியில் தோற்றுவிட்டு வந்திருந்தீர்கள். காலையில் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். டெம்போ வண்டியில் கேனை ஏற்றிக்கொண்டே, "அடுத்த வருஷம் பாரு, மொதப் பரிசுதான்" என்றீர்கள். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். நிமிராமலே சொன்னேன்: "அன்னைக்கு நீங்க சங்ககிரிக்குப் போகாததுல அவங்களுக்குத்தான் லாபம்."

கேலியாகத்தான் சொன்னேன். பாதி கேலி. அதைவிட மோசமாக எத்தனையோ சொல்லியிருக்கிறேன், நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். ஆனால் இத்தனை வருஷம் நீங்கள் எனக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்த இடத்திலேயே போய் நான் அடித்திருக்கிறேன். அது ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வாளியோடு நின்றபோதுதான் தெரிந்தது.

அந்த நேரம் நீங்கள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டீர்கள். நம் வண்டிச் சத்தம் தெருவுக்கே தெரியும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் சொன்னேனா, அப்புறம் சொன்னேனா என்று எத்தனை முறை யோசித்தாலும் பிடிபடவில்லை. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வலது கையைத் தூக்கினீர்கள். போய்வருகிறேன் என்பதற்கும் நீங்கள் அப்படித்தான் தூக்குவீர்கள். கொடுக்காததைக் கேட்பதற்கும் அப்படித்தான் தூக்குவீர்கள்.

நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா, தோமி?